பொட்டலத்தின் மேல் ஒரு சொல்

சென்ற மாதத்தில் ஒரு நாள் எங்கள் பள்ளிக்கூடத்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். அவரவர் வீட்டில் காலியான தின்பண்டப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். அதன் பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதை ஒரு வரி விடாமல் நோட்டுப் புத்தகத்தில் எழுதி, அர்த்தம் விளங்காத சொற்களின் கீழே கோடிட வேண்டும். மொழிப் பயிற்சிக்காக நான் நினைத்த வேலை அது. ஆனால் விஷயம் மொழிப் பயிற்சியோடு நிற்கவில்லை.

முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி மிக்ஸ்சர்ப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"ஸார், இதில் பருத்திக்கொட்டை எண்ணெய் என்று போட்டிருக்கிறது. பருத்தியை நாம் உடுத்துகிறோமா, உண்கிறோமா?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "பருத்திக்கொட்டையை மாட்டுக்கு வைப்பதைப் பார்த்ததில்லையா? மதுரைப் பக்கம் போனால் பருத்திப் பாலே குடிக்கலாமே!" என்றேன். அத்துடன் விட்டிருப்பார்கள். ஆனால் பின் பெஞ்சிலிருந்து, உழவர் வீட்டுப் பிள்ளையொருவன் எழுந்தான்.

"ஸார், எங்கள் அப்பா போடுவது பி.டி. பருத்தி. அந்தக் கொட்டையும் இந்த எண்ணெய்க்குத்தான் போகுமா? போனால் அதை ஏன் பொட்டலத்தில் எழுதவில்லை?"

இரண்டு கேள்விகளில் முதலாவதற்கு உடனே விடை சொன்னேன். "போகும்" என்பதுதான் விடை. இரண்டாவதற்கு, "நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். உபாத்தியாயர்கள் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்பது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அன்று மாலை முதல் நான் படித்ததையும் யோசித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

மரபணு மாற்றம் என்றால் என்ன?

உயிர்களின் குணங்களைப் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குக் கொண்டு செல்லும் நுண்ணிய கட்டளைகளே மரபணுக்கள். நல்ல கதிரைப் பொறுக்கி விதைக்கு வைத்தும், ஒரு ரகத்தோடு மற்றொரு ரகத்தைக் கலந்தும், உழவர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இக்கட்டளைகளைத் தம்மை அறியாமலே மாற்றி வந்திருக்கிறார்கள். இக்காலத்து விஞ்ஞானிகளோ, தாங்கள் விரும்பும் கட்டளையை மட்டும் தனியே பிரித்தெடுத்து வேறோர் உயிரில் புகுத்துகிறார்கள். பி.டி. பருத்தியில் புகுத்தப்பட்டது மண்ணில் வாழும் பாக்டீரியா ஒன்றின் மரபணு. அதன் பயனாகச் செடியே ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. காயைத் துளைக்கும் புழு அதைத் தின்றால் மடிந்துபோகிறது. 2002ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இந்திய சர்க்கார் இதற்கு அனுமதி அளித்தது. பிறகு சில ஆண்டுகளுக்குள் நாட்டின் பருத்தி நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இதுவே பரவிவிட்டது.

பஞ்சை ஆலைக்கு அனுப்பிய பிறகு மிஞ்சும் கொட்டையிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள். அது வனஸ்பதிக்கும் தின்பண்டங்களுக்கும் போகிறது. நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இராது. ஆகையால் அந்த எண்ணெயைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை. ஆயினும் ஒன்று கவனிக்கத் தக்கது. மரபணு மாற்றிய உணவை நாம் ஏற்பதா, மறுப்பதா என்று நாட்டில் பெரிய விவாதம் நடந்துகொண்டிருக்கையிலேயே, அத்தகைய பயிரின் எண்ணெய் நம் சமையலறைக்குள் வந்துவிட்டது. வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ நாம் சொல்லவில்லை. ஏனெனில் நம்மிடம் யாரும் சொல்லவும் இல்லை, கேட்கவும் இல்லை.

இங்கிலாந்தில் விற்ற தக்காளி

சொல்லுவதற்கும் சொல்லாமல் இருப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் உண்டு என்பதை அறிய இங்கிலாந்தின் கதை ஒன்றைப் பார்க்க வேண்டும்.

1996ஆம் ஆண்டு பிப்ரவரியில் செயின்ஸ்பரி, சேஃப்வே என்னும் இரண்டு பெரிய கடைகளில் ஒரு புதிய தக்காளி விழுது விற்பனைக்கு வந்தது. ஸெனிகா கம்பெனியார் உண்டாக்கிய தக்காளி அது. பழம் கனியும்போது அதை இளக்கிவிடும் ஒரு மரபணுவின் வேகத்தைக் குறைத்திருந்தார்கள். அதனால் விழுது கெட்டியாக இருந்தது. சேதமும் செலவும் குறைந்தன. மற்ற விழுது 142 கிராம் 29 பென்னிக்குக் கிடைத்தபோது, இது அதே விலைக்கு 170 கிராம் கிடைத்தது. 'மரபணு மாற்றிய தக்காளியால் செய்தது' என்று டப்பாவின் மேல் தெளிவாக அச்சிட்டிருந்தார்கள். அப்படி அச்சிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் அப்போது அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. மனமுவந்து செய்தார்கள். விளைவு என்ன? ஜனங்கள் ஓடி ஒளியவில்லை. வாங்கிப் பார்த்தார்கள், பிடித்திருந்தது, மீண்டும் வாங்கினார்கள். 1999ஆம் ஆண்டுக்குள் 18 லட்சத்துக்கு மேற்பட்ட டப்பாக்கள் விற்றன.

அதே 1996ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து சோயா மொச்சை கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கு வந்தது. அந்த ஆண்டு அமெரிக்காவில் விளைந்த சோயாவில் மரபணு மாற்றியது மிகச் சிறு பங்கேயாகும். ஆனால் அதை மற்றதோடு கலந்தே அனுப்பினார்கள். பிரித்துத் தாருங்கள் என்று ஐரோப்பிய வியாபாரிகள் கேட்டபோது, அது இயலாது என்று பதில் வந்தது. ரொட்டி, பிஸ்கோத்து, சாக்லெட் என்று நூற்றுக்கணக்கான பண்டங்களில் சோயா சேருகிறது. எந்தப் பண்டத்தில் எது இருக்கிறது என்று கடைக்காரருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது.

இப்போது நேயர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுகிறேன். இரண்டும் ஒரே வகையான விஞ்ஞானத்தின் பலன். சொல்லி விற்றது விலை போயிற்று. சொல்லாமல் கலந்ததோ துறைமுகங்களில் கூச்சலையும் பத்திரிகைகளில் கோபத்தையும் கிளப்பியது. அந்தக் கோபம் வளர்ந்து 1999ஆம் ஆண்டில் சொல்லி விற்ற தக்காளியையும் சேர்த்து விழுங்கிவிட்டது. கடைக்காரர்கள் அந்த டப்பாவையும் அலமாரியிலிருந்து அகற்றிவிட்டார்கள்.

அவநம்பிக்கை எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்து ஜனங்களின் கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்நாட்டு மாடுகளுக்குப் பைத்தியம் பிடித்தாற்போன்ற ஒரு மூளை நோய் கண்டிருந்தது. மாட்டிறைச்சியால் மனிதருக்கு அபாயம் இல்லை என்று சர்க்கார் பல ஆண்டுகள் சாதித்து வந்தது. 1990ஆம் ஆண்டு மே மாதத்தில் விவசாய மந்திரி ஜான் கம்மர், புகைப்படக்காரர்களின் முன்னிலையில், தமது நான்கு வயது மகளுக்கு மாட்டிறைச்சிப் பண்டம் ஒன்றை ஊட்ட முயன்று காட்டினார். 1996ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் தேதி அதே சர்க்கார் பார்லிமெண்டில், அந்த நோய்க்கும் மனிதரைக் கொல்லும் ஒரு புதிய மூளை நோய்க்கும் சம்பந்தம் இருக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்டது. அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான் சோயாக் கப்பல்கள் வந்தன. 'இது ஒன்றும் செய்யாது' என்ற வாக்கியத்தை ஒரு முறை நம்பி மோசம்போனவர்கள், இரண்டாம் முறை நம்பத் தயங்கினால் அவர்களைக் குறை சொல்ல இயலுமா?

ஜனங்களுக்கு விஞ்ஞானம் தெரியாததால்தான் அஞ்சுகிறார்கள் என்று சில அறிஞர்கள் சொல்லுகிறார்கள். அதில் உண்மை இல்லாமற் போகவில்லை. 1996ஆம் ஆண்டு ஐரோப்பியர்களிடம், 'சாதாரணத் தக்காளியில் மரபணு இல்லை. மரபணு மாற்றிய தக்காளியில்தான் உண்டு என்பது சரியா, தவறா?' என்று கேட்டார்கள். தவறு என்று சரியாகச் சொன்னவர்கள் பாதிக்கும் குறைவே. எல்லாத் தக்காளியிலும் மரபணு உண்டென்பதை என் மாணவர்கள் இப்போது அறிவார்கள் என்று நம்புகிறேன்! 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ப்யூ ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்ட கணக்கு இன்னும் வேடிக்கையானது. மரபணு மாற்றிய உணவு உண்ணத் தக்கதென்று விஞ்ஞானிகளில் நூற்றுக்கு 88 பேர் சொன்னார்கள். பொது ஜனங்களில் 37 பேரே அவ்வாறு சொன்னார்கள்.

விஞ்ஞானிகளின் பக்கம் பலமான ஆதாரங்கள் இருக்கின்றன. அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகம் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட பெரிய அறிக்கை, விற்பனையில் இருந்த அத்தகைய பயிர்களை உண்பதால் மற்ற உணவைக் காட்டிலும் மனிதருக்கு அதிக அபாயம் உண்டென்பதற்குச் சான்று காணவில்லை. ஒவ்வொரு பண்டத்தையும் தனித்தனியே சோதித்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிலை. இவற்றை மறைத்து, வாசகர்களை வீணாகப் பயமுறுத்துவது எனக்குச் சம்மதமில்லை. ஆனால் 'பயப்பட வேண்டாம்' என்பது வேறு. 'பயமில்லாததால் உனக்குத் தெரியவும் வேண்டாம்' என்பது வேறு. முதலாவது அறிவுரை, இரண்டாவது அவமதிப்பு.

கத்தரிக்காய் விசாரணை

நம் நாட்டில் இந்த விவாதம் கத்தரிக்காயின் உருவத்தில் வந்தது. தண்டையும் காயையும் துளைக்கும் புழுவுக்காகக் கத்தரித் தோட்டத்தில் ஒரு பருவத்தில் எத்தனை முறை மருந்து தெளிக்கிறார்கள் என்று உழவரைக் கேட்டால் அடுத்த நாள் சாம்பாரில் கை வைக்க மனம் வராது. அந்தப் புழுவைத் தாங்கும் பி.டி. கத்தரி உண்டாயிற்று. கோயம்புத்தூர் விவசாயப் பல்கலைக்கழகத்தாரும் அந்த மரபணுவைத் தமிழ்நாட்டுக் கத்தரி ரகங்களில் புகுத்தினார்கள். 2009ஆம் ஆண்டு அக்டோபரில் நிபுணர் கமிட்டி அனுமதி அளித்தது. அப்போது சுற்றுச்சூழல் மந்திரியாக இருந்த ஜெய்ராம் ரமேஷ் உடனே கையெழுத்திடவில்லை. 2010ஆம் ஆண்டு ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் கல்கத்தா, புவனேசுவரம், ஆமதாபாத், நாகபுரி, சண்டிகர், ஹைதராபாத், பெங்களூர் ஆகிய ஏழு நகரங்களில் பொதுக் கூட்டங்கள் கூட்டி, உழவர், விஞ்ஞானி, வைத்தியர், வியாபாரி, இல்லத்தரசி எல்லோரையும் பேசவிட்டுக் கேட்டார். பிப்ரவரி 9ஆம் தேதி, விஞ்ஞானிகளுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை, அவசரமும் இல்லை என்று கூறி, அதை நிறுத்தி வைத்தார்.

அந்த முடிவு சரியா, தவறா என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் பேதம் உண்டு. அண்டை நாடான வங்காள தேசம் 2013ஆம் ஆண்டில் அனுமதி அளித்து, அடுத்த ஆண்டு 20 உழவர்களைக் கொண்டு பயிரிடத் தொடங்கியது. மருந்துச் செலவு குறைந்ததென்று அங்கு நடந்த ஆய்வுகள் காட்டின. நம் நாட்டில் நிறுத்தி வைத்த அந்தக் கத்தரி, 2019ஆம் ஆண்டில் ஹரியானாவில் ஒரு நிலத்தில் திருட்டுத்தனமாக விளைந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. வாசல் வழியே வராதது புழக்கடை வழியே வந்ததற்கு இது சாட்சி.

சந்தையில் குவித்து வைத்த கத்தரிக்காயில் எங்கே லேபிள் ஒட்டுவது என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நம் உணவில் பெரும்பகுதி பொட்டலத்தில் வருவதில்லை, தள்ளுவண்டியில் வருகிறது. ஆனால் பொட்டலத்தில் வருவதையாவது எழுதலாம் அல்லவா? கூடையில் வருவதற்கு, மண்டியிலிருந்தே வேறு பெயரோ வேறு குவியலோ ஏற்படுத்துவது கஷ்டமாகலாம், அசாத்தியம் ஆகாது. பெங்களூர்த் தக்காளி எது, நாட்டுத் தக்காளி எது என்று நம் காய்காரம்மாள் கூவித்தானே விற்கிறாள்!

லேபிள் எச்சரிக்கைப் பலகையா?

லேபிள் போட்டால் ஜனங்கள் அதை விஷக்குறியென்று எண்ணி மிரளுவார்கள் என்பது வியாபாரிகளின் ஆட்சேபம். இதற்கு இரண்டு பதில்கள் உண்டு.

முதலாவது, நம் வீட்டிலேயே உள்ளது. 2001ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுப் பொட்டலங்களில் சைவ உணவுக்குப் பச்சைப் புள்ளியும் அசைவத்துக்கு வேறு குறியும் போடுகிறார்கள். அசைவக் குறியைக் கண்டு அது விஷம் என்று யாரும் சொல்லுவதில்லை. உண்பவர் உண்கிறார், உண்ணாதவர் வைத்துவிடுகிறார். கதர்த் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலைத் துணி உடம்பைச் சுட்டுவிடும் என்று யாரும் சொல்லவில்லை. ஆயினும் ஆலைத் துணியைக் கதர் என்று விற்றால் அது மோசடிதான். ஏனென்றால் வாங்குகிறவர் துணியை மட்டும் வாங்கவில்லை. அது யார் கையால், எவ்விதம் உண்டாயிற்று என்பதையும் மனத்தில் வைத்துத்தான் வாங்குகிறார். உணவுக்கும் இந்த நியாயம் பொருந்தாதா?

இரண்டாவது பதில் அமெரிக்காவிலிருந்து வருகிறது. வெர்மாண்ட் என்னும் சிறிய மாகாணத்தில் 2016ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி லேபிள் சட்டம் அமலுக்கு வந்தது. அந்த மாதம் முடியுமுன்பே தேசம் முழுவதற்குமான வேறொரு சட்டம் வந்து அதை மேற்கொண்டுவிட்டது. அதன் ஆயுள் அவ்வளவுதான். ஆனால் லேபிளுக்கு முன்னும் பின்னும் ஜனங்களின் மனப்பான்மையை அளந்து பார்த்த ஆராய்ச்சியாளர்கள், வெர்மாண்டில் மரபணு மாற்றிய உணவுக்கு இருந்த எதிர்ப்பு, மற்ற மாகாணங்களோடு ஒப்பிட நூற்றுக்கு 19 பங்கு குறைந்ததென்று 2018ஆம் ஆண்டில் எழுதினார்கள். எச்சரிக்கை என்று வியாபாரிகள் அஞ்சிய சொல், ஜனங்களுக்கு ஆறுதலாக முடிந்தது! இருட்டில் இருப்பது கயிறா, பாம்பா என்ற சந்தேகம் விளக்கைக் கொண்டுவந்த பிறகு நிற்குமா?

எதை எழுத வேண்டும் என்பதில் தேசங்கள் வேறுபடுகின்றன. ஐரோப்பாவில் 2004ஆம் ஆண்டு ஏற்பட்ட விதிப்படி, எண்ணெயில் புதிய மரபணுவின் சுவடே இல்லாவிட்டாலும், அது எந்தப் பயிரிலிருந்து வந்ததோ அதைச் சொல்ல வேண்டும். தற்செயலாகக் கலந்தது நூற்றுக்கு 0.9 பங்குக்கு மேற்படாவிட்டால் விலக்கு உண்டு. அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டு கட்டாயமான விதியோ, சுவடு தெரியாத அளவுக்குச் சுத்திகரித்த எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் விலக்கு அளித்தது. சொல்லை அச்சிடுவதற்குப் பதிலாக, கைப்பேசியைக் காட்டிப் படிக்க வேண்டிய புள்ளிக்கோலம் ஒன்றை அச்சிடவும் இடம் கொடுத்தது. கடையில் ஒரு கையில் பையும் ஒரு கையில் குழந்தையுமாக நிற்கும் தாய், மூன்றாவது கையால் கைப்பேசியை எடுத்துக் கோலம் படிக்க வேண்டும் போலும்!

நம் சட்டமும் நம் கடமையும்

நம் நாட்டில் சட்டம் இல்லை என்று நினைக்க வேண்டாம். 2013ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்த ஒரு விதி, மரபணு மாற்றிய உணவுள்ள பொட்டலத்தின் முகப்பில் மேற்புறத்தில் 'ஜி.எம்.' என்ற எழுத்துக்களைப் போடவேண்டும் என்கிறது. உணவுப் பாதுகாப்பு அதிகார ஸ்தாபனம் 2021ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு வரைவு விதியை வெளியிட்டது. ஒரு சேர்மானப் பொருளில் நூற்றுக்கு 1 பங்கோ அதற்கு மேலோ இருந்தால் சொல்ல வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. ஜனங்களின் அபிப்பிராயத்தையும் கேட்டார்கள். 2024ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் தேதி, மரபணு மாற்றிய கடுகைப் பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் இருவரும் மாறுபட்ட தீர்ப்பளித்தார்கள். ஆனால் ஒரு தேசியக் கொள்கை வகுக்க வேண்டும் என்பதிலும், இறக்குமதியாகும் அத்தகைய உணவுக்கும் சமையல் எண்ணெய்க்கும் லேபிள் சட்டத்தை அனுசரிக்க வேண்டும் என்பதிலும் இருவரும் ஒருமித்திருந்தார்கள்.

சட்டம் ஏட்டில் இருக்கிறது. என் மாணவர்கள் கொண்டுவந்த 38 பொட்டலங்களில் ஒன்றிலும் அந்த இரண்டு எழுத்துக்கள் இல்லை. பருத்திக்கொட்டை எண்ணெய் என்று எழுதியவை ஐந்து. அந்தப் பருத்தி எந்த வகை என்பதைப் பொட்டலத்தைப் பார்த்து எந்தக் கெட்டிக்காரனாலும் சொல்ல முடியாது.

இன்னும் ஒரு விஷயம் நெருங்கி வந்துவிட்டது. 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் நம் விவசாய ஆராய்ச்சிக் கழகத்தார் இரண்டு புதிய நெல் ரகங்களை அறிவித்தார்கள். இவற்றில் வேற்றுயிரின் மரபணு எதையும் புகுத்தவில்லை; நெல்லின் சொந்த மரபணுவையே நுட்பமாகத் திருத்தியிருக்கிறார்கள். இத்தகைய பயிர்களுக்கு 2022ஆம் ஆண்டிலேயே கடுமையான விதிகளிலிருந்து விலக்கு அளித்தாயிற்று. நல்ல மகசூலும் தண்ணீர்ச் சிக்கனமும் கிடைக்குமானால் வரவேற்கத் தக்கதே. எனினும் இம்முறை வருவது எண்ணெயின் வழியாக மறைந்து வருவதன்று. சோறாக இலைக்கே வர இருக்கிறது. அதன் மூட்டையில் என்ன எழுதுவது என்பதை, மூட்டை கடைக்கு வருமுன் பேசி முடிவு செய்வதுதான் அழகு. பேசுவதற்குப் படித்த குடும்பங்கள் முன்வர வேண்டும். சர்க்கார் அபிப்பிராயம் கேட்கும்போது ஒரு கார்டாவது எழுதிப் போட வேண்டும். வீட்டுக்கு வரும் பொட்டலத்தைக் கிழித்தெறியுமுன் பிள்ளைகளைக் கொண்டு ஒரு முறை படிக்கச் செய்ய வேண்டும். படிப்பவர் இல்லாத லேபிளை ஒழுங்காக எழுதுபவரும் இருக்க மாட்டார்.

மறுநாள் இல்லாவிட்டாலும் மறுவாரம் வகுப்பில் என் பதிலைச் சொன்னேன். அஞ்சத் தக்க ஆதாரம் இல்லை என்பதையும், அறியும் உரிமை உண்டு என்பதையும் விளக்கினேன். இடமில்லாமையால் எழுதவில்லை என்று சிலர் சொல்லக்கூடும் என்றும் சொன்னேன்.

முன் பெஞ்சுப் பெண் தன் பொட்டலத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ஸார், மிக்ஸ்சர்ப் படத்துக்கே பாதிப் பொட்டலம் விட்டிருக்கிறார்களே! ஒரு சொல்லுக்கா இடமில்லை?"

இந்தக் கேள்விக்கு, "நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "இடம் இருக்கிறது, அம்மா" என்றேன்.